வரி மிச்சத்துக்காக ஒரு வீடா?

கேள்வி: கணவர், நான் இரண்டு பேருமே வேலைக்குப் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை மகளை டியூஷனில் விட்டுவிட்டு முடிச்சூர் பக்கம் ஃபிளாட் பார்க்க ஓடுகிறோம். திரும்பி வந்து சமைத்து, ராத்திரி அவருடைய வருமான வரிக் கணக்கோடு உட்கார்கிறோம். "மார்ச் 31க்குள் பதிந்தால் வரி மிச்சம்" என்று மாமனாரும் புரோக்கரும் நெருக்குகிறார்கள். பழைய ஃபிளாட், 60 லட்சம். கணவருக்கு ஆண்டுச் சம்பளம் பன்னிரண்டரை லட்சம். பத்திரம் அவர் பெயரில். லோனில் நானும் கையெழுத்துப் போட வேண்டுமாம். சரி என்று சொல்லிவிடலாமா?
(ஒரு வாசகி, குரோம்பேட்டை)

பதில்: இப்போதைக்குச் சொல்லாதீர்கள். அந்த மார்ச் 31 கணக்கு உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தவே பொருந்தாது.

மாமனார் சொல்வது அவர் காலத்துக்குச் சரி. பழைய வரி முறையில் கடன் வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு உண்டு, அசலுக்கு பி.எஃப்., எல்.ஐ.சி.யோடு சேர்த்து ஒன்றரை லட்சம். குடியிருக்கும் வீட்டுக்குப் புதிய முறையில் இந்த இரண்டுமே கிடையாது. ஆனால் 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு அதில் 12 லட்சம் வரை வரியும் இல்லை. சம்பளக்காரருக்கு நிலையான கழிவு 75,000 சேர்த்தால் 12.75 லட்சம். அதாவது, வீடு வாங்காமலே உங்கள் கணவருக்கு வரி பூஜ்யம். பழைய முறைக்குப் போய் அந்த மூன்றரை லட்சத்தையும் முழுசாகக் கழித்தாலும், அங்கே உள்ள 50,000 நிலையான கழிவைத் தவிர வேறு கழிவு இல்லையென்றால் செஸ்ஸோடு 85,800 ரூபாய் கட்ட வேண்டிவரும். இதை இன்று ராத்திரியே பேப்பரில் போட்டு மாமனாரிடம் காட்டுங்கள். கோபப்பட மாட்டார், கணக்கு தெரிந்த மனிதர்தான் கணக்குப் பேசுவார்.

புரோக்கர் சொல்லாமல் விடும் கணக்கு வேறு. 60 லட்சம் வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம், 48 லட்சம்தான் தரும். பத்திரச் செலவை வங்கி கணக்கில் சேர்க்காது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: 5.40 லட்சம். கையிலிருந்து 17.40 லட்சம் போகும், கமிஷன் தனி. பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும் என்பார்கள். அது 10 லட்சம் வரையான சொத்துக்கு மட்டும். 50 லட்சத்துக்கு மேல் என்பதால், விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்து அரசுக்குக் கட்டுவதும் உங்கள் பொறுப்பு. மறந்தால் வட்டியும் அபராதமும் வாங்கியவர் தலையில்தான் விழும். மாதத் தவணை, எட்டரை சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு, சுமார் 41,650 ரூபாய்.

அப்புறம், முடிச்சூர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. 2023 மிக்ஜாம் புயலிலும் அந்தப் பக்கம் தப்பவில்லை. வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம், "அண்ணே, தண்ணி எதுவரைக்கும் வந்தது?" என்று கேளுங்கள், கையை வைத்தே காட்டுவார். கீழ்த்தளத்து மீட்டர் பெட்டியை எந்த உயரத்துக்கு ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். வார நாளில் ஒருவர் அரை நாள் லீவு போட்டுப் போய்ப் பார்ப்பது, ஞாயிறு அவசரத்தில் மூன்று வீடு பார்ப்பதைவிட மேல். வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், மனையில் பிரிபடாத பங்கு எத்தனை சதுர அடி என்பதையெல்லாம் வக்கீல் பார்க்கட்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது கடைசி வரி. பத்திரத்தில் நீங்கள் இல்லை, லோனில் மட்டும் இருக்கிறீர்கள். கடனில் கையெழுத்துப் போட்டால் கடனாளி, அவ்வளவுதான். அதனால் வீட்டில் உரிமை வராது. தவணை நின்றால் வங்கி உங்களையும் கேட்கும், உங்கள் சிபில் ஸ்கோரும் அடிபடும். இருவர் சம்பளத்தில் வாங்கும் வீட்டுக்கு இருவரும் சொந்தக்காரர்களாக இருப்பதுதான் நியாயம். இதைக் கேட்பது கணவரைச் சந்தேகப்படுவது ஆகாது. அட்வான்ஸ் கொடுக்குமுன், அக்ரிமென்டிலேயே இரண்டு பெயரையும் எழுதச் சொல்லுங்கள். பிறகு சேர்ப்பதென்றால் தனிப் பத்திரம், தனிக் கட்டணம், கடன் முடியாதவரை வங்கியின் சம்மதமும் வேண்டும்.