சில மட்டிகளுக்கு மட்டும் சிவப்பு இரத்தம் ஏன்?

கேள்வி: இங்கே மீன் சந்தையில் வாங்கும் திசர்யா மட்டியைத் திறந்தால் நிறமற்ற நீர்தான் வடிகிறது. மலேசியாவில் கிடைக்கும் மட்டியிலோ சிவப்பு இரத்தம் வரும் என்கிறார் அங்கே வேலை பார்க்கும் என் அண்ணன். அதுவும் நம் உடலில் உள்ள ஹீமோகுளோபின்தானா?
– வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: உங்கள் அண்ணன் சொல்வது சரியே. அங்கே 'கெராங்' என்று விற்கப்படுவது இரத்த மட்டி. பெரும்பாலான மட்டிகளின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கத் தனிப் புரதம் இல்லை. நீரில் கரைந்து வருவதே அவற்றுக்குப் போதும். ஆக்சிஜன் குறைந்த சேற்றில் புதைந்து வாழும் இரத்த மட்டிக்கு அது போதாது. எனவே உட்கருவுள்ள சிவப்பணுக்களில் அது ஹீமோகுளோபினை வைத்திருக்கிறது.

அடிப்படை அலகு நம்முடையதைப் போன்றதே: மடிந்த குளோபின் என்ற புரதச் சங்கிலி, அதன் குழிக்குள் இரும்பைத் தாங்கிய ஹீம் என்ற சிறு மூலக்கூறு. அலகுகள் சேரும் விதம்தான் வேறு. நம் ஹீமோகுளோபினில் நான்கு சங்கிலிகள் உள்ளன. ஹீமை இருபுறமும் அணைக்கும் ஈ, எஃப் என்ற சங்கிலிச் சுருள்கள் அதில் வெளிப்புறம் பார்த்திருக்கும். ஸ்கஃபார்க்கா என்ற இரத்த மட்டியிலோ அதே சுருள்கள் உட்புறம் திரும்பி ஒன்றோடொன்று பொருந்துவதால், சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டாற்போல அமைப்பு மாறி, இரண்டு ஹீம்களும் நெருங்கி அமைகின்றன. இப்படி ஒரே வகைச் சங்கிலிகள் இரண்டு சேர்ந்தது ஒரு வகை. இருவகைச் சங்கிலிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்த நான்கலகு ஹீமோகுளோபினும் அதே மட்டியில் உண்டு.

ஒரு ஹீம் ஆக்சிஜனைப் பற்றினால் அடுத்தது எளிதில் பற்றும் 'கூட்டியக்கம்' இங்கும் நிகழ்கிறது. நம் உடலில் அதற்காகச் சங்கிலி இணைகளே ஒன்றுக்கொன்று சுமார் 15 பாகை சுழல வேண்டியிருக்கிறது. மட்டியில் அத்தகைய பெரும் அசைவு இல்லை. ஆய்வாளர் வில்லியம் ராயர் குழுவினர் புரதத்தைப் படிகமாக்கி அதன் அமைப்பைக் கண்ட ஆய்வுகளின்படி, ஆக்சிஜன் இணைந்ததும் சங்கிலியின் 97ஆம் இடத்திலுள்ள ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் ஹீம் குழியிலிருந்து இரு சங்கிலிகளும் சந்திக்கும் இடைமுகத்துக்குத் தள்ளப்படுகிறது. அங்கே ஒழுங்காக அமைந்திருந்த 17 நீர் மூலக்கூறுகளில் 6 வெளியேறிவிடுகின்றன. என்னை மிகவும் கவர்ந்த செய்தி இதுதான், ஏனெனில் இங்கே நீரும் புரதத்தின் ஓர் உறுப்பைப் போலவே வேலை செய்கிறது. அந்நீரைப் பிடித்துவைக்கும் 72ஆம் இடத்துத் திரியோனின் என்ற அமினோ அமிலத்தை வேலின் என்ற வேறோர் அமினோ அமிலமாக மாற்றிப் பார்த்தபோது, ஆக்சிஜனைக் கவரும் நாட்டம் வெகுவாகக் கூடியது.

ஹீமோகுளோபின் உள்ள எல்லா மட்டிகளும் அதை ஆக்சிஜனுக்கே ஒதுக்குவதில்லை. போர்ட்டோ ரிக்கோவின் அலையாத்திச் சேற்றில் வாழும் லூசினா பெக்டினாட்டா என்ற மட்டியில் மூன்று வகை ஹீமோகுளோபின்கள் உள்ளன. அவற்றில் ஒன்று, செவுளில் குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கொண்டு சேர்க்கிறது.