பூண்டைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

எழுத ஆரம்பிப்பவர்களின் கேள்விகளுக்குப் பண்ணைக்காட்டிலிருந்து பதில் சொல்கிறார் நம் ‘அக்கா’. மதுரையில் பத்திரிகை அலுவலகங்களில் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, நிறைய வாசிப்பு.

அக்கா, படிப்பை முடித்துவிட்டு அப்பாவோடு பூண்டு விவசாயம் பார்க்கிறேன். எழுத வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ‘மலைகளின் இளவரசி கொடைக்கானல்’ என்று தலைப்புப் போட்டு உட்கார்ந்தேன். நாலு வரிக்கு மேல் நகரவில்லை. எங்கள் ஊரில் பூண்டைத் தவிர எழுத வேறு என்ன இருக்கிறது? முதல் கட்டுரையை எப்படி ஆரம்பிப்பது?
— வாசகி, பூம்பாறை

நாலு வரியோடு நின்றது நல்லதாகப் போயிற்று, தங்கச்சி. இளவரசியைப் பற்றி ஓட்டல் நோட்டீஸ்காரர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். தூண் பாறைக்கு எப்படிப் போவது, எங்கே நின்று படம் எடுப்பது என்பதெல்லாம் சென்னையிலிருந்து வருகிறவருக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். அந்தக் கட்டுரையை நீ எழுதினாலும் ஒன்றுதான், நான் எழுதினாலும் ஒன்றுதான்.

நீ வேண்டாம் என்று ஒதுக்குகிறாயே, அந்தப் பூண்டைத்தான் நான் கேட்கிறேன். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பத்திரிகைகள் எல்லாம் எழுதின. காரம் அதிகம், மருத்துவ குணம் உண்டு, ரொம்ப நாள் கெடாது. ஏறக்குறைய இதே மூன்று விஷயம்தான் எல்லாவற்றிலும். ஏன் கெடாது என்பதற்கு ‘புகையில் வைத்துப் பாதுகாக்கிறார்கள்’ என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டார்கள். எனக்கு அந்த ஒரு வரிக்குள் போக வேண்டும். என்ன விறகு போடுகிறீர்கள்? பச்சை விறகா, காய்ந்ததா? எத்தனை நாள்? ராத்திரி யார் எழுந்து பார்ப்பது? புகை போதும் என்று அப்பாவுக்கு எப்படித் தெரியும்? தொட்டுப் பார்ப்பாரா, தோல் உரசுகிற சத்தத்தை வைத்துச் சொல்வாரா? அந்த நாட்களில் வீட்டில் துவைத்த துணியெல்லாம் என்ன வாசம் அடிக்கும்? கல்லூரிக்குப் போன காலத்தில் அந்த வாசத்தோடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாயா? பக்கத்தில் இருந்தவர்கள் என்ன சொன்னார்கள்?

இதற்கெல்லாம் எனக்குப் பதில் தெரியாது. உனக்குத் தெரியும். கட்டுரை எழுத அது போதும்.

ஆனால் பூண்டு விவசாயம் முழுவதையும் எழுதாதே. விதைப்பு, களை, அறுவடை, வடுகபட்டி சந்தை, விலை, இடைத்தரகர் என்று வரிசையாகப் போனால் அது வேளாண்மைத் துறையின் கையேடு. ஒரே ஒரு நாளை எடு. புகை போட ஆரம்பிக்கிற நாள் மட்டும். சந்தைக்கு மூட்டை போகிற நாள் இன்னொரு கட்டுரை. விதைப் பூண்டைத் தனியாகப் பொறுக்கி வைக்கிற நாள் மூன்றாவது. பார், எழுத ஒன்றும் இல்லை என்றாய், இப்போது மூன்று ஆகிவிட்டது.

ஆரம்பம் பற்றிக் கேட்டாய். ‘பண்டைக் காலந்தொட்டே தமிழர் உணவில் பூண்டு முக்கிய இடம் வகிக்கிறது’ என்று மட்டும் தொடங்காதே, புண்ணியமாகப் போகும். என் மேசைக்கு வந்த முதல் கட்டுரைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும். நான் பேனாவை எடுத்து மூன்று பத்தி தள்ளிப் போவேன். அங்கேதான் எழுதியவர் மூச்சு விட்டு, தன் குரலில் பேச ஆரம்பித்திருப்பார். முதல் மூன்று பத்தி எஞ்சின் சூடாகிற சத்தம். அதை நீ எழுதலாம், தப்பில்லை. எழுதி முடித்ததும் வெட்டிவிட வேண்டும். ‘புகை போதுமா என்று அப்பா மூக்கால் அளப்பார்’ என்று முதல் வரி இருந்தால் நான் இரண்டாம் வரிக்கு வந்துவிடுவேன். (இது நான் சும்மா சொன்னது. உன் அப்பா எப்படி அளக்கிறாரோ அதை எழுது.)

யாருக்காக எழுதுவது என்று குழம்பாதே. உன்னோடு படித்த ஒரு தோழி இருப்பாள், பூம்பாறைப் பக்கமே வராதவள். அவளுக்குப் போனில் சொல்வதாக நினைத்துக்கொள். அவளுக்குப் புரியாத இடத்தில் அவள் குறுக்கே கேட்பாள் இல்லையா, அங்கே மட்டும் விளக்கு. மற்ற இடத்தில் விளக்கம் வேண்டாம்.

ஒரே மூச்சில் கடைசி வரை எழுதிவிடு. நடுவில் திரும்பிப் போய்த் திருத்தினால் முதல் பத்தி மட்டும் பளபளவென்று இருக்கும், கட்டுரை இருக்காது. ஐநூறு சொல் போதும். இரண்டு நாள் கழித்து எடுத்து, வாய்விட்டுப் படி. நாக்கு தடுக்குகிற இடத்தில் வாக்கியத்தை இரண்டாக உடை. தலைப்பைக் கடைசியில் வை. முதலில் வைத்ததால்தான் இளவரசியிடம் மாட்டிக்கொண்டாய்.

இன்னொன்று. பூண்டு இந்த நோயைத் தீர்க்கும், அந்த நோயை விரட்டும் என்று எழுதாதே. அது டாக்டர் சொல்ல வேண்டியது. நீ புகையைச் சொல்.

நான் சுற்றுலா கார் ஓட்டுகிறேன். ஏரியைப் பற்றி முதன்முதலாக எழுதிய கட்டுரையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நிறையத் தகவல் சேர்த்துத்தான் எழுதினேன். ஆனால் நண்பர் படித்துவிட்டு ‘ஸ்கூல் கட்டுரை மாதிரி இருக்கு’ என்கிறார். தகவல் எவ்வளவு இருக்கலாம்?
— வாசகர், கொடைக்கானல்

உங்கள் நண்பர் முதல் இரண்டு பக்கத்தைத்தான் படித்திருப்பார் என்று நினைக்கிறேன். ஏரி 1863-ல் உருவாக்கப்பட்டது, உருவாக்கியவர் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச், நட்சத்திர வடிவம், அப்புறம் வானாய்வகம், அப்புறம் குறிஞ்சிப் பூ. எல்லாம் வரிசையாக நிற்கின்றன. மூன்றாம் பக்கத்தில் திடீரென்று நீங்கள் வந்துவிடுகிறீர்கள். ஜனவரி விடியற்காலையில் ஏரிக்கரையில் நிறுத்திய காரின் முகப்புக் கண்ணாடி முழுக்க உறைபனி. வெந்நீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும் என்பதால் காலாவதியான ஏடிஎம் கார்டை வைத்துச் சுரண்டுகிறீர்கள். பின் சீட்டில் இருப்பவர்கள் அதையே வீடியோ எடுக்கிறார்கள். அடடா, கட்டுரை இங்கே அல்லவா இருக்கிறது! முன்னால் உள்ளதை எல்லாம் எடுத்துவிட்டு இதிலிருந்து தொடங்குங்கள், சார்.

தகவலே வேண்டாம் என்று சொல்லவில்லை. யாராவது கேட்கிற இடத்தில் அது வரட்டும். ‘இது இயற்கையான ஏரியா?’ என்று பயணிகள் உங்களிடம் தினம் கேட்பார்கள் இல்லையா? நீங்கள் கார்டைத் தேய்த்துக்கொண்டே ‘இல்லைங்க, 1863-ல ஒரு கலெக்டர் கட்டினது’ என்று சொல்கிறீர்கள். அவ்வளவுதான், ஆண்டு வந்துவிட்டது, உறுத்தவும் இல்லை.

வானாய்வகம் 1899-ல் தொடங்கியதும், சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓடுகிறது என்பதை 1909-ல் வானியலாளர் எவர்ஷெட் இங்கேதான் கண்டுபிடித்தார் என்பதும் அருமையான சங்கதிகள். இந்தக் கட்டுரையில் அவற்றுக்கு வேலை இல்லை. வேறொன்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குறிஞ்சி பற்றி எழுதியதில் ஒரு திருத்தம். எல்லாக் குறிஞ்சியும் 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பதில்லை. அந்தக் கணக்கு நீலக்குறிஞ்சிக்கு. 2006, 2018 என்று பூத்தது, அடுத்தது 2030. குறிஞ்சி வகையில் வேறு செடிகளும் நம் மலையில் உண்டு, அவற்றின் கணக்கு வேறு. எண்ணையும் பெயரையும் இரண்டு இடத்திலாவது சரிபார்த்துவிட்டு எழுதுங்கள். அந்த இரண்டும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதாக இருக்கக் கூடாது, அதையும் பாருங்கள்.

க், ச், த், ப் எங்கே போடுவது என்று தெரியாமல் எழுதவே பயமாக இருக்கிறது.
— வாசகி, தாண்டிக்குடி

மூன்று இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தைரியமாக எழுதுங்கள். க, ச, த, ப-வில் தொடங்கும் சொல் பின்னால் வரும்போது: அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின் ஒற்று உண்டு (அந்தக் காப்பிச் செடி). ‘ஐ’ உருபுக்குப் பின் உண்டு (மிளகைக் காய வைத்தேன்). ‘கு’ உருபுக்குப் பின் உண்டு (சந்தைக்குப் போனேன்). போடக் கூடாத இடமும் மூன்று சொல்கிறேன்: ஒரு (ஒரு கட்டு), அது, இது (அது கிடக்கட்டும்), அப்பாவோடு என்கிற ‘ஓடு’ (அப்பாவோடு போனேன்). பிழைகளில் பெரும்பகுதி இதிலேயே ஒழிந்துவிடும். மிச்சத்தைப் பார்க்கத்தான் எங்களைப் போன்றவர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஒற்று தப்பிய நல்ல கட்டுரையை எந்த ஆசிரியரும் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை.

தலைப்பைச் சொன்னால் செயற்கை நுண்ணறிவே கட்டுரை எழுதித் தருகிறதே? அதைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் என்ன?
— கல்லூரி மாணவர், வத்தலக்குண்டு

மேலே பூம்பாறைத் தங்கச்சியிடம் கேட்ட கேள்விகளை அதனிடம் கேட்டுப் பாருங்கள். தயங்காமல் பதில் சொல்லும். ஆனால் அது அவளுடைய அப்பா வீட்டுப் புகையாக இருக்காது. எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லுங்கள், பரவாயில்லை. முதல் கட்டுரையையே வேறொருவரை விட்டு எழுதச் சொன்னால், எழுதக் கற்றுக்கொள்வது அவரா நீங்களா?

எங்கள் ஊருக்கு ரோடு கிடையாது. சரக்கு எல்லாம் குதிரையில்தான் வரும். வெளியிலிருந்து வருகிறவர்கள் ‘செருப்புப் போடாத கிராமம்’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். குதிரை ஓட்டும் ஒரு தாத்தாவைப் பற்றி நான் எழுத நினைக்கிறேன். பெயர் போட்டால் ஊரில் சண்டை வருமா?
— வாசகர், வெள்ளகவி

வரலாம். சின்ன ஊரில் பெயரை மாற்றினாலும் யாரென்று தெரிந்துவிடும், அதனால் பெயரை மாற்றித் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். எழுதியதைத் தாத்தா எதிரில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். அவர் எடுக்கச் சொல்வதை எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் நீங்கள் பயந்த இடத்தை விட்டுவிட்டு, வேறு எதையோ எடுக்கச் சொல்வார்: குதிரை வாங்கிய கடன், மகன் பெயர், இப்படி ஏதாவது. கூடவே, நீங்கள் தப்பாக எழுதிய இரண்டு விஷயத்தைத் திருத்தியும் கொடுப்பார். கட்டுரைக்கு அது லாபம்.

செருப்பு விஷயத்தை நீங்களும் எழுதலாம். சாமி இருக்கிற ஊர் என்று வழிவழியாக வந்த பழக்கம் அது, வெளியூர்க்காரருக்குச் செய்தி. உங்களுக்கு அது செய்தியே இல்லை என்பதால், ஊர் எல்லையில் தாத்தா செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்கிறாரா, ஓரமாக விடுகிறாரா என்று போகிற போக்கில் ஒரு வரி வந்தால் போதும். கட்டுரை அவரையும் குதிரையையும் பற்றியதாக இருக்கட்டும். ஏற்றத்தில் குதிரை எங்கே தானாக நிற்கும், மழைக்காலத்தில் அரிசி மூட்டையை எதைக் கொண்டு மூடுவார், இதெல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். எழுதினால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

வயது எழுபதைத் தாண்டிவிட்டது. போனில் தமிழ் தட்டச்சு செய்ய விரல் ஒத்துழைக்கவில்லை. கையால் எழுதி அனுப்பலாமா?
— வாசகர், பெருமாள்மலை

தாராளமாக, ஐயா. தாளின் ஒரு பக்கம் மட்டும், வரிக்கு வரி இடம் விட்டு எழுதுங்கள். திருத்துகிறவர் உங்களை வாழ்த்துவார். போனில் பேசினால் எழுத்தாக மாற்றும் வசதியும் இருக்கிறது, பேரப்பிள்ளைகளைக் கேட்டால் காட்டித் தருவார்கள். ஆனால் அது நிறுத்தற்குறியைப் பெரும்பாலும் விட்டுவிடும், ஊர்ப் பெயர்களை இஷ்டத்துக்கு மாற்றும். பேசி முடித்ததும் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டு, முற்றுப்புள்ளி வைக்கிற இடத்தை நீங்கள் சொல்லுங்கள்.