பிரேக் ஓட்டை இல்லாத ஃப்ரேம்: கேள்வி பதில்

மண்டபத்தில் ஒரு வீட்டு விறகுக் கொட்டகையில் கிடந்த பழைய டிராக் ரேஸ் (வட்டமான பந்தயத் தளத்தில் மட்டும் ஓட்டுவது) சைக்கிள் ஃப்ரேமைப் போன மாதம் சுத்தம் செய்து, நண்பர்களுக்குப் படம் அனுப்பினேன். அதிலிருந்து தினம் இரண்டு பேராவது கேள்வி கேட்கிறார்கள். ராமநாதபுரத்தில் முப்பது வருஷமாக சைக்கிளோடு கிடப்பவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கீழக்கரை: அண்ணே, வாப்பாவின் வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்தபோது வாங்கிய சைக்கிளாம். ஃப்ரேம் மட்டும் மாடியில் கிடக்கிறது. பின்சக்கரத்தைப் பின்பக்கமாகத்தான் உருவ முடியும். டிராக் சைக்கிள்தானே?

அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது தம்பி. பால்காரர் ஓட்டும் கறுப்பு ரோட்ஸ்டரிலும் பின்சக்கரம் பின்பக்கமாகத்தான் வரும். முதலில் ஃபோர்க்கின் தலையைப் பாருங்கள். பிரேக் மாட்ட ஓட்டை இருக்கிறதா? பின்னால், இரண்டு மேல் குழாய்களையும் சேர்க்கும் குறுக்குத் துண்டில் ஓட்டை இருக்கிறதா? மட்கார்டு கம்பி மாட்டும் காது, பம்பு சொருகும் முளை ஏதாவது உண்டா? எதுவுமே இல்லை, ஃபோர்க்கின் கால்களும் தட்டையாக இல்லாமல் உருண்டையாக இருக்கின்றன என்றால் நிமிர்ந்து உட்காருங்கள். டிராக்கில் பிரேக் கிடையாது, ஃப்ரீவீலும் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும்.

இடைப்பட்ட ரகமும் உண்டு. அந்தக் கால இங்கிலாந்தில் கிளப் பையன்கள் வார நாளில் மட்கார்டு போட்டு வேலைக்குப் போவார்கள், ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் மட்கார்டைக் கழற்றிவிட்டு மைதானத்தில் சுற்றுவார்கள். அதற்கென்றே செய்த ஃப்ரேமில் ஓட்டையும் இருக்கும், காதும் இருக்கும். உங்களுடையது அந்த ரகமாக இருந்தால் வருத்தப்பட வேண்டாம். ஓட்டுவதற்கு அதுதான் வசதி.

கொழும்புக் கதை உண்மையாக இருக்கலாம். 1914 முதல் 1964 டிசம்பர் புயல் வரை தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. ஆனால் கதையை மட்டும் நம்பி வருஷம் சொல்லாதீர்கள். விற்ற கடையின் சின்னத் தகடோ ஒட்டிய படமோ ஃப்ரேமில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

பரமக்குடி: பெயர்த் தகடு விழுந்துவிட்டது. எந்தக் கம்பெனி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தகடு போனாலும் அது இருந்த ஆணித் துளைகள் இருக்கும். மேலும் கீழுமாக இருக்கிறதா, பக்கவாட்டிலா, இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கம்பெனித் தகடுக்கும் ஒரு அளவு.

அப்புறம் நம்பர். ஃப்ரேமைத் தலைகீழாகத் திருப்பி, கிராங்க் அச்சு ஓடும் உருளையின் அடியில் பாருங்கள். அங்கே இல்லையென்றால் சீட் சொருகும் இடம், பின்சக்கரம் மாட்டும் காது. ஃபோர்க்கைக் கழற்றினால் அதன் கழுத்துக் குழாயிலும் சில சமயம் நம்பர் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஃபோர்க் மாற்றப்படவில்லை என்று அர்த்தம்.

நம்பர் மேல் பெயிண்ட் மூடியிருந்தால் சுரண்டக் கூடாது. இதை நான் அடித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. பல வருஷத்துக்கு முன் கைக்கு வந்த முதல் நல்ல ஃப்ரேமை, பளபளப்பாக்கும் ஆசையில் நானே கிரைண்டரில் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். ஆறு எழுத்தில் நான்கு போய்விட்டன. அது யார் செய்த ஃப்ரேம் என்று இன்றுவரை தெரியாது. மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேயுங்கள், அல்லது இருட்டில் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுங்கள். போதும்.

கிராங்கிலும் ஹப்பிலும் மூன்று துப்பாக்கி சாய்த்து நிறுத்திய முத்திரை இருந்தால் அது இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. கம்பெனி பாகம். ஃப்ரேமும் பி.எஸ்.ஏ. என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் பாகங்களை ஊரில் எல்லோரும் வாங்கிப் போட்டார்கள். பட்டியல், நம்பர் விவரம் தேடுகிறவர்கள் இங்கிலாந்தின் வெட்டரன் சைக்கிள் கிளப்பைக் கேட்கலாம். 1955இல் தொடங்கியது, பழைய கேட்லாக்குகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

தொண்டி: ரெனால்ட்ஸ் 531 குழாயா என்று ஸ்டிக்கர் இல்லாமல் தெரியுமா?

531 என்பது இங்கிலாந்தின் ரெனால்ட்ஸ் கம்பெனி செய்த மெல்லிய, நல்ல எஃகுக் குழாய். சீட் கம்பியைக் கழற்றி வெர்னியரால் அளக்க வேண்டும். இங்கிலீஷ் ஃப்ரேமில் அந்தக் கம்பி இறங்கும் குழாயின் வெளி அளவு 28.6 மில்லிமீட்டர். 27.2 கம்பி சரியாக இறங்குகிறது என்றால் குழாயின் கனம் 0.6 அளவில்தான் இருக்கிறது, நல்ல குழாய். கம்பி அதைவிட மெலிந்தது என்றால் குழாய் தடிமன், சாதாரண இரும்பாக இருக்கலாம். இது வலுவான சாட்சிதான், ஆனால் மற்ற கம்பெனிகளும் மெல்லிய குழாய் செய்தன. 531 வந்தது 1935இல். அதற்கு முந்தைய ஃப்ரேமில் அந்த ஸ்டிக்கர் இருந்தால் யாரோ பின்னால் ஒட்டியது.

பாம்பன்: வெளியே லேசான துருதான் சார். தேய்த்து பெயிண்ட் அடித்தால் போதுமா?

பாம்பன்காரர் இதைக் கேட்கலாமா! உங்கள் ஊர் ரயில் பாலத்துக்கு உப்புக்காற்று என்ன செய்தது என்று பார்த்தவர்கள்தானே நீங்கள். வெளியே லேசாக இருந்தால் உள்ளே என்ன என்று கேளுங்கள். சீட் குழாய் வழியாக இறங்கும் ஈரம் கிராங்க் உருளையில் தேங்கும். அங்கேதான் முதலில் ஓட்டை விழும். கிராங்க் அச்சைத் தாங்கும் கப், கோன், பால்ரஸ் எல்லாம் கழற்றிவிட்டு உள்ளே டார்ச் அடியுங்கள். ஸ்குரு டிரைவரின் பிடியால் குழாயை நெடுகத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீர் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் மொத்தையானால் அங்கே சந்தேகம்.

கழற்றும்போது ஒன்று. இங்கிலீஷ் ஃப்ரேமில் செயின் பக்கத்துக் கப் எதிர்மறை மரை. வழக்கம்போல் இடது பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும். இது தெரியாமல் பலம் கொடுத்து மரையைத் தின்ற ஃப்ரேம்கள் எத்தனையோ.

துரு எடுக்க எனக்குப் பிடித்தது ஆக்சாலிக் ஆசிட். லிட்டர் தண்ணீருக்கு 20, 30 கிராம், பிளாஸ்டிக் தொட்டியில். கையுறை கட்டாயம், விஷம், பிள்ளைகள் பக்கம் வரக்கூடாது. பழைய பெயிண்டின் நிறம் மாறுகிறதா என்று ஒரு மூலையில் பார்த்துவிட்டு முக்குங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள், மறந்துவிட்டால் மஞ்சளாகப் படியும். வெளியே எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீர், அப்புறம் நல்ல தண்ணீர். நம் பக்கத்தில் தடுக்கி விழும் இடம் இதுதான். போர் தண்ணீரில் அலசினால் எடுத்த உப்பை நீங்களே திரும்ப ஏற்றுகிறீர்கள். காவிரித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ பிடித்து வையுங்கள்.

நன்றாக வெயிலில் காய்ந்ததும் குழாய்களுக்குள் ஆளி விதை எண்ணெய் ஊற்றி, ஃப்ரேமை எல்லாப் பக்கமும் உருட்டி, மிச்சத்தை வடித்துவிடுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

ராமேஸ்வரம்: மணல் பிளாஸ்டிங் செய்து பவுடர் கோட்டிங் போடலாமா?

கேட்டுக்கு, கிரில்லுக்குப் போடுங்கள். 0.6 மில்லிமீட்டர் குழாயில் முரட்டு மணல் வேண்டாம். பவுடர் கனமாகப் படிந்து, இணைப்பு லக்குகளின் கூர்மையான ஓரத்தை மெழுகிவிடும். பெயிண்ட் பாதிக்கு மேல் இருந்தால் நான் அடிக்கவே மாட்டேன், மெழுகு போட்டு நிறுத்திவிடுவேன். கீறலும் அந்த சைக்கிளின் வயசுதான்.

தேவிபட்டினம்: பின் குழாயில் விரிசல். பக்கத்தில் வெல்டிங் பட்டறை இருக்கிறது.

கரண்ட் வெல்டிங் வேண்டாம். மெல்லிய குழாய் எரிந்து ஓட்டையாகும், பற்றின இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி முறியும். கேஸில் பித்தளைக் கம்பி வைத்துப் பற்ற வைக்கும் ஆள் வேண்டும். அந்த ஃப்ரேமை முதலில் செய்ததும் அப்படித்தான். தலைக் குழாய்க்குக் கீழே, சாய்ந்த குழாயின் அடியில் விரலால் தடவிப் பாருங்கள். சின்ன அலை மாதிரி தட்டுப்பட்டால் எங்கேயோ நேராக மோதிய வண்டி. சுவரில் மாட்டி வையுங்கள், ஓட்டாதீர்கள்.

உச்சிப்புளி: தாத்தா 1948இல் லண்டன் ஒலிம்பிக்குக்குப் போன அணியின் சைக்கிள் இது என்கிறார்.

இந்தியா அந்த வருஷம் சைக்கிள் வீரர்களை அனுப்பியது நிஜம். டிராக் போட்டிகள் ஹெர்ன் ஹில் மைதானத்தில் நடந்தன. மற்றதற்குத் தாத்தாவிடம் ஒரு படமோ ரசீதோ கேளுங்கள். இல்லையென்றாலும் அவர் சொல்வதைத் தேதி போட்டு எழுதி ஃப்ரேமோடு வையுங்கள்.

மண்டபம்: சரி, ஓட்டலாமா? ஃபோர்க்கில் துளை போட்டுவிடட்டுமா?

துளை போட்டால் என்னிடம் பேச வராதீர்கள். ஃபோர்க்கின் காலைச் சுற்றிப் பிடிக்கும் பட்டையில் முன் பிரேக் மாட்டலாம். டிராக் ஹப்பில் பல்சக்கரத்துக்குப் பக்கத்தில் எதிர்மறை மரையில் ஒரு பூட்டு வளையம் இருக்கும். பெடலைப் பின்னால் அழுத்தும்போது பல்சக்கரம் கழலாமல் பிடிப்பது அதுதான். சாதாரண ஃப்ரீவீல் ஹப்பில் அந்த வளையத்துக்கு இடமே இல்லை. அதில் டிராக் பல்சக்கரம் ஏற்றி ஓட்டுவது விழுவதற்கு நாள் பார்ப்பது. பிரேக் மாட்டியே தீர வேண்டும், அதற்கும் மேல் பாம்பன் ரோட்டுப் பாலம் வேண்டாம். அந்தக் காற்றில் கனமான ரோட்ஸ்டரே ஆடும். விடிகாலையில் உச்சிப்புளிப் பக்கம் ஆளில்லாத ரோடாகப் பார்த்து ஒரு சுற்று போய்விட்டு வாருங்கள்.