தலைப்பு இருக்கிறது, கேள்வி எங்கே?

கேள்வி: கல்லூரி ஆய்வுத் திட்டத்துக்கு 'மாணவர்களும் கைப்பேசியும்' என்ற தலைப்பை எடுத்தேன். 40 கட்டுரைகளைத் தரவிறக்கியும் எழுத வரவில்லை. எங்கே தொடங்குவது?

பதில்: உங்களிடம் இருப்பது தலைப்புதான், கேள்வி இன்னும் பிறக்கவில்லை. 'படுக்கும் முன் ஒரு மணி நேரம் கைப்பேசி பார்க்கும் முதலாண்டு மாணவர்கள், பார்க்காதவர்களைவிடக் குறைவாகத் தூங்குகிறார்களா?' இப்படிக் கேட்டுப் பாருங்கள். யாரை, எதை, எதோடு ஒப்பிட்டு என்பதெல்லாம் வந்துவிட்டது. 40 கட்டுரைகளில் முக்கால்வாசி தானாகவே கழன்றுகொள்ளும். மிஞ்சியவற்றில் முதலில் சுருக்கம், பிறகு அட்டவணைகள், அப்புறம் ஆய்வுமுறை என்று படியுங்கள். முன்னுரை கடைசியில் போதும்.

பெரும்பாலோர் சறுக்குவது வினாத்தாளில்தான். 'அதிக நேரம் பார்ப்பீர்களா?' என்றால் ஒருவருக்கு அதிகம் என்பது 2 மணி நேரம், இன்னொருவருக்கு 6. 'நேற்றிரவு எத்தனை மணிக்குக் கைப்பேசியைக் கீழே வைத்தீர்கள்?' என்று கேளுங்கள். 5 பேரிடம் முன்னோட்டம் பார்த்து, அவர்கள் தயங்கிய கேள்விகளைத் திருத்துங்கள். 100 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்தால்கூட, கிடைக்கும் விழுக்காடு உண்மை நிலையிலிருந்து சுமார் 10 புள்ளி முன்பின் இருக்கலாம். நண்பர்களிடம் மட்டும் கேட்டால் அந்தக் கணக்கும் செல்லாது.

வித்தியாசம் தெரிந்தாலும் 'கைப்பேசிதான் தூக்கத்தைக் கெடுத்தது' என்று எழுதிவிடாதீர்கள். தூக்கம் வராததால் கைப்பேசியை எடுத்தவர்களும் அதில் இருப்பார்கள்.