முழங்கை உயரம் எத்தனை அங்குலம்?

வாசகர் கேள்வி – பதில்
பதிலளிப்பவர்: சேலம் குகையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஐ.டி.ஐ. ஃபிட்டர் ஆசிரியர்

கேள்வி: என் கணவர் 28 ஆண்டுகளாகக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். தரையில் உட்கார்ந்து கண்ணி பற்றவைத்தே கழுத்து வலி வந்துவிட்டது. மகன் மேசையும் நாற்காலியும் வாங்கித் தந்தான். இப்போது தோளும் சேர்ந்து வலிக்கிறது. பழையபடி தரைக்கே போகிறேன் என்று அடம்பிடிக்கிறார். நாற்காலி 17 அங்குலம், மேசை 30 அங்குலம், மேசைமேல் பற்றவைக்கும் கல் 2 அங்குலம். உட்கார்ந்தால் அவர் முழங்கை தரையிலிருந்து 26 அங்குலத்தில் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, சிவதாபுரம்

பதில்: அளவெடுத்து எழுதியிருக்கிறீர்களே அம்மா, அதற்கே உங்களுக்கு ஒரு கூடை மல்கோவா அனுப்பலாம். எனக்கு வரும் கடிதங்களில் பாதி, "எந்தக் கம்பெனி நாற்காலி நல்லது?" என்றுதான் கேட்கின்றன. உட்காரப் போகிறவரின் அளவைச் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் கணக்கிலேயே விடை இருக்கிறது. மேசை 30, கல் 2. ஆக வேலை நடப்பது 32 அங்குல உயரத்தில். முழங்கை 26. வித்தியாசம் 6 அங்குலம். கண்ணை ஒட்டிச் செய்யும் நுண்ணிய வேலை முழங்கைக்கு மேலே 2 முதல் 4 அங்குலத்தில் இருந்தால் போதும். அதற்கு மேலே போனால் நாள் முழுவதும் தோளைத் தூக்கியபடியே ஊதுகுழலை ஊத வேண்டியிருக்கும். தோள் வலிக்காமல் என்ன செய்யும்?

மேசைக் காலை உடனே அறுத்துவிடாதீர்கள். அறுத்ததை ஒட்ட முடியாது. முதலில் நாற்காலியில் 2 அங்குலத்துக்குக் கெட்டியான திண்டு ஒன்றைப் போடுங்கள். பாதம் தொங்காமல் இருக்கக் காலடியில் அதே 2 அங்குலத்தில் ஒரு பலகை. பத்து நாள் பார்த்துவிட்டு ஆசாரியைக் கூப்பிடலாம்.

தரைக்குத்தான் போவேன் என்றால் போகட்டும், தரைமேல் குற்றமில்லை. 26-இல் நாற்காலியின் 17 போனால், உட்கார்ந்த இடத்திலிருந்து அவர் முழங்கை 9 அங்குலம். அப்படியானால் வேலை தரையிலிருந்து 11 முதல் 13 அங்குலத்துக்குள் வர வேண்டும். தரையில் வைத்து வேலை செய்த பழைய சாய்மேசையை அளந்து பாருங்கள். 6, 7 அங்குலம்தான் இருக்கும் என்று பந்தயமே கட்டுவேன். தலை கிட்டத்தட்ட 5 கிலோ. நிமிர்ந்திருக்கும்வரை அதை எலும்பு தாங்கும்; குனிந்தால் கழுத்துத் தசைதான் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

இன்னொன்று. 28 ஆண்டுத் தொழில் என்றால் நாற்பதைத் தாண்டியிருப்பார். கிட்டப் பொருள் மங்கும் வயது. கண்ணாடி இல்லாமல் கழுத்தால் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். கண்ணுக்கும் கொலுசுக்கும் இடையே எத்தனை அங்குலம் என்று அளந்து, அந்தத் துண்டுச் சீட்டோடு கண் மருத்துவரிடம் போங்கள். படிக்கும் கண்ணாடி வேறு, பட்டறைக் கண்ணாடி வேறு. வலக்கைக்காரர் என்றால் விளக்கு இடப்பக்கம் இருக்கட்டும். கையின் நிழல் வேலைமேல் விழாது. விரல் மரத்துப்போனால் மட்டும் இந்த அங்குலக் கணக்கை எல்லாம் ஓரம்கட்டிவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

என் அப்பா நெசவாளர். எங்கள் வீட்டில் இருந்தது குழித்தறி, காலைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்து நெய்வது. அந்தக் குழி, தாத்தா தன் காலுக்குத் தோண்டியது. அப்பா தாத்தாவைவிட அரை அடி உயரம். மிதியை மிதிக்கும்போதெல்லாம் முட்டி, நெய்த துணியைச் சுற்றும் படமரத்தில் இடிக்கும். அங்கே ஒரு பழந்துணியைச் சுற்றிக்கொண்டு முப்பது வருடம் நெய்தார். குழியை ஒரு சாண் ஆழப்படுத்தியிருக்கலாம். அவருக்கும் தோன்றவில்லை, ஃபிட்டர் படித்த எனக்கும் தோன்றவில்லை. ஐ.டி.ஐ.யில் மட்டும், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸின் வாய் முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும் என்று பையன்களிடம் கத்துவேன். குள்ளமான பையன்களுக்குக் காலடியில் பலகை போட்டுத் தருவேன்.

கேள்வி: ஏற்காடு காப்பித் தோட்டத்தில் என் அம்மா 50 கிலோ மூட்டையைச் சரிவில் சுமக்கிறார். எவ்வளவு வரை சுமக்கலாம்?
– ஒரு மாணவர், ஏற்காடு

பதில்: தம்பி, தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் 1991-இல் திருத்தி வெளியிட்ட சுமை தூக்கும் கணக்கில் மிக அதிகபட்சமே 23 கிலோதான். அதுவும் சமதரையில், உடலை ஒட்டிப் பிடித்து, இரு கையாலும், முதுகைத் திருகாமல் தூக்கினால். மழை நனைத்த சரிவுக்கு அது இன்னும் குறையும். மூட்டையை மூன்றாகப் பிரித்துக் கட்டச் சொல்லி மேஸ்திரியிடம் பேசுங்கள். நடை கூடுகிறது என்பார். கூடட்டும்.

கேள்வி: வேலையை உடலுக்கு ஏற்றபடி அமைக்கும் எர்கோனாமிக்ஸ் என்பது கம்ப்யூட்டர் வந்த பிறகு முளைத்ததுதானே?
– ஒரு வாசகர், அம்மாபேட்டை

பதில்: இல்லை. அந்தச் சொல்லையே போலந்து அறிஞர் யாஸ்ட்ஷெம்போவ்ஸ்கி 1857-இல் எழுதிவிட்டார். அதற்கும் முன்னால், 1700-இல், இத்தாலிய மருத்துவர் ரமாஸினி தொழிலாளர் நோய்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு "என்ன தொழில் செய்கிறாய்?" என்பதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னவர் அவர். போன மாதம் முட்டி வலிக்காக நான் போன மருத்துவமனையில் ஆதார் எண் கேட்டார்கள், தொலைபேசி எண் கேட்டார்கள். அதை மட்டும் கேட்கவில்லை.