தொடக்கக் கல்லூரியில் உளவியல் பாடம் இல்லையே?

உங்கள் மகள் உளவியல் படிக்க ஆசைப்படுகிறாள், சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்துக்கு முன் படிக்கும் தொடக்கக் கல்லூரியின் (ஜேசி) பாடப் பட்டியலிலோ அதைக் காணோம். இதற்காகக் கலங்க வேண்டாம். தொடக்கக் கல்லூரி முடிவில் எழுதும் ஏ நிலைத் தேர்வில் ஹெச்2 (முழு அளவுப் பாடம்) உளவியல் என்று ஒன்று இல்லாததால் இங்குள்ள பல்கலைக்கழகங்கள் அதை எதிர்பார்ப்பதும் இல்லை. முதலாண்டில் அரிச்சுவடியிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

பிள்ளைகள் திணறுவது புள்ளியியலில். மனத்தைப் பற்றிய படிப்புதானே, கணக்கு எதற்கு என்று வருபவர்களுக்குத் திட்ட விலக்கம், ஒட்டுறவு, கருதுகோள் சோதனை எல்லாம் காத்திருக்கும். ஆகவே ஹெச்2 கணிதத்தை விட வேண்டாம். மிகவும் சிரமமென்றால் அதில் பாதியளவுள்ள ஹெச்1 ஆவது எடுக்கட்டும். மூளை, நரம்பு பற்றிப் படிக்க உயிரியல் கைகொடுக்கும், ஆனால் அதற்காக வராத பாடத்தை வலிந்து எடுக்கக் கூடாது. 2026 பல்கலைக்கழகச் சேர்க்கையிலிருந்து அதற்கான மொத்தப் புள்ளி 70: மூன்று ஹெச்2 பாடங்களுக்குத் தலா 20, ஆங்கிலத்தில் எழுதும் பொதுத் தாளுக்கு (ஜிபி) 10. ஒரு ஹெச்2 பாடத்தில் ‘சி’ வந்தால் 15 தான். ஐந்து புள்ளி அங்கேயே போய்விடும். தமிழை அலட்சியம் செய்ய வேண்டாம், மொத்தத்தை உயர்த்துமானால் அதையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள்.

ஏ நிலைக்குப் பதிலாக ஐபி என்ற பன்னாட்டுப் பட்டயப் படிப்பை நடத்தும் பள்ளியென்றால் உளவியல் கிடைக்கலாம், எல்லாப் பள்ளியிலும் அல்ல. ஐபியில் ஒரு பாடத்தை உயர்நிலையில் (ஹெச்எல்) எடுத்தால் 240 மணி நேரப் பாடம், சாதாரண நிலையில் (எஸ்எல்) எடுத்தால் 150. ஐபி உளவியல் கட்டுரையில் மதிப்பெண் பறிபோவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: ஆய்வைக் கதைபோலச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எத்தனை பேரை, யாரை ஆராய்ந்தார்கள், அதே முடிவு நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் பொருந்துமா என்று எழுதினால்தான் மேல்தர மதிப்பெண்.

செயல்திட்டம், குழுவேலை என்றால் உற்சாகமாகும் பிள்ளைக்குத் தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியின் மூன்றாண்டு உளவியல் பட்டயம் நல்ல வழி. அதை இரண்டாந்தரம் என்று நினைக்கும் உறவினர்களை நான் பொருட்படுத்தமாட்டேன்.

பாடத் தொகுப்பைத் தேர்வதற்கு முன் இன்னொன்றையும் மகளிடம் கேளுங்கள். மருந்து எழுதித் தரும் மனநல மருத்துவராக வேண்டுமா, சிகிச்சை உளவியலாளராகவா? முன்னது மருத்துவப் படிப்பு. எந்த அறிவியல் பாடங்கள் தேவை என்பதை அந்தந்த மருத்துவப் பள்ளியின் இவ்வாண்டு அறிவிப்பில் பாருங்கள். பின்னதற்கு இளநிலைப் பட்டம் மட்டும் போதாது. மேற்பார்வையுடன் கூடிய களப்பயிற்சி உள்ள முதுநிலைப் படிப்பும் வேண்டும், அதற்கான செலவையும் ஆண்டுகளையும் இப்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.