இடம் அப்படியே, கிளிக் மட்டும் பாதி: கூகுள்-எக்ஸ்டெண்டடைத் தடுத்தால் திரும்புமா?

கூகுள் தேடலில் உங்கள் தளம் வரும் இடம் மாறவில்லை, ஆனால் கிளிக் பாதியாகிவிட்டது, கூகுள்-எக்ஸ்டெண்டடைத் தடுத்தால் அது திரும்புமா என்று கேட்டிருக்கிறீர்கள். திரும்பாது. ரோபாட்ஸ் கோப்பில் (எந்த நிரல் தளத்தைப் படிக்கலாம் என்று சொல்லும் robots.txt) கூகுள்-எக்ஸ்டெண்டட் என்ற பெயரைத் தடுத்தால், கூகுளின் ஏஐயான ஜெமினி மாடல்களின் பயிற்சிக்கு உங்கள் பக்கங்கள் போவது நிற்கும். தேடலின் மேலே வரும் ஏஐ சுருக்கமோ, தேடலுக்காகப் பக்கங்களைப் படிக்கும் வழக்கமான நிரலான கூகுள்பாட் எடுத்ததிலிருந்து உருவாகிறது. கூகுள்பாட்டையே தடுத்தால் தேடலிலிருந்தே காணாமல் போவீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இம்ப்ரெஷனும் (தேடலில் உங்கள் பக்கம் காட்டப்பட்ட தடவைகள்) இடமும் குறையாமல் கிளிக் மட்டும் சரிந்திருக்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் விடை மேலேயே கிடைத்துவிடுவதால் ஆட்கள் உள்ளே வருவதில்லை.

சோதித்துப் பாருங்கள்:

1. தேடலில் உங்கள் தளத்தின் நிலையைக் காட்டும் கூகுள் கருவியான சர்ச் கன்சோலில் கடந்த 3 மாதங்களைப் போன ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிடுங்கள். முந்தைய 3 மாதங்களோடு வேண்டாம், பருவ ஏற்ற இறக்கம் குழப்பும்.

2. "என்றால் என்ன", "எத்தனை", "எப்போது" என வரும் தேடல்களைத் தனியே வடிகட்டுங்கள். சரிவு அங்கே மட்டும் இருந்தால் காரணம் பெரும்பாலும் ஏஐ சுருக்கம்தான். எல்லாவற்றிலும் சமமாக இருந்தால் வேறெங்கோ கோளாறு இருக்கலாம்.

சர்ச் கன்சோல் காட்டும் சராசரி இடத்தை அப்படியே நம்பாதீர்கள். சுருக்கத்துக்குள் இருக்கும் எல்லா இணைப்புகளுக்கும் ஒரே இட எண்தான் பதிவாகும். அதனால் எண் நன்றாக இருப்பதுபோலத் தெரியலாம்.

பக்கத்தில் நோஸ்னிப்பெட் (இந்தப் பக்கத்தின் வரிகளைத் தேடலில் காட்டாதே என்னும் குறிப்பு) போட்டால் சுருக்கத்திலிருந்து விலகலாம். ஆனால் சாதாரண முடிவின் கீழுள்ள விளக்க வரிகளும் போய்விடும், கிளிக் இன்னும் குறையக்கூடும். நாலைந்து பக்கங்களில் மட்டும் போட்டு, சில வாரம் பார்த்த பிறகு மற்றவற்றைத் தொடுங்கள். ஒருவரி விடைப் பக்கங்களைவிட, நீங்களே செய்து பார்த்து எழுதியவற்றுக்கு உழைப்பைத் திருப்புவதே என் விருப்பம். அவற்றைச் சுருக்கத்தில் படித்து முடித்துவிட முடியாது.